ஒரு சாண் குறைந்த திரை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஓட்டல் ஜன்னலை அளந்தது. அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். நாற்காலி மேல் ஏறி அதன் ஒரு முனையைத் திரைக்கம்பியில் பிடித்துக்கொண்டேன். அம்மா அதைக் கீழே இழுத்துப் பிடித்து, நூற்று நாற்பத்திரண்டு என்று வாசித்தாள். திரையின் நீளம் நூற்று இருபத்து நான்கு சென்டிமீட்டர்.

ஒரு மருத்துவமனையின் துணி அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் அவள். விரிப்பு, தலையணை உறை, திரை எல்லாம் தைப்பாள், கிழிந்ததை ஒட்டுப்போடுவாள். முதல் ஷிப்ட் ஐந்தரைக்கு. நாலரைக்கே எழுந்துவிடுவாள். ஓய்வு பெற்ற அன்று என்ன வேண்டும் என்று கேட்டேன். எங்காவது வெளியூரில் ஒன்பது மணி வரை தூங்க வேண்டும் என்றாள். வீட்டில் படுத்தால் உடம்பு தானாக எழுந்துவிடுமாம்.

ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது நான். இணையத்தில் பார்த்த படத்தில் நீல ஜன்னல்கள், மரப்படிகள், வாசலில் பூந்தொட்டிகள், குறைந்த வாடகை. நேரிலும் அழகாகத்தான் இருந்தது. எங்களுக்கு ஏழாம் எண் அறை. வெந்நீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை, கட்டில் கிறீச்சிட்டது. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. ஜன்னல் கிழக்கு பார்த்திருந்தது. கட்டட வரைபடம் போடுவது என் தொழில். நான் கவனிக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குத் திரையின் கீழ் இடைவெளி வழியாக வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. நான் விழித்தபோது, திரையின் அடிமடிப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சுக்கோம்மா என்றேன்.

"துணி நல்ல துணிதான்டி. நனைக்காம வெட்டியிருக்காங்க. முதல் சலவையிலேயே சுருங்கிப்போச்சு."

மூன்று முறை நனைத்துக் காயவைக்காமல் அவள் எந்தத் துணியிலும் கத்தரி வைத்ததில்லை. கணக்குத் தவறாமலிருக்க, ஒவ்வொரு முறை நனைத்ததும் மூலையில் ஒரு ஊக்கு குத்துவாள். துணி அறையில் அவளுக்கு 'மூணு ஊக்கு' என்றே பெயர்.

மேலாளர் அம்மாள் வேறு அறை தருவதாகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. திரையைக் கொடுத்தால் அடியில் துணி சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். அவர் தயங்கினார்.

"கூலியெல்லாம் வேண்டாங்க. அடுத்த மாசம் நானே கொண்டுவந்து மாட்டுறேன். அன்னைக்கு எனக்கு இதே ரூம் குடுங்க. ஒன்பது மணி வரைக்கும் யாரும் கதவைத் தட்டாதீங்க, அது போதும்."

அவர் சிரித்துக்கொண்டே ஆளை விட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

"கிழக்கு எதுன்னு தெரியாத இன்ஜினியரம்மாவைப் பெத்துட்டேன். நான்தானே தைக்கணும்?" என்றாள் பேருந்தில். பிறகு என் தோளில் சாய்ந்து நாற்பது நிமிடம் தூங்கினாள். அந்தப் பயணத்தில் அவள் உருப்படியாகத் தூங்கியது அவ்வளவுதான்.

பதினோரு நாள் கழித்து, மதியம், சமையலறையில் விழுந்தாள். மாரடைப்பு.

நேற்று ஓட்டலிலிருந்து மேலாளர் அழைத்தார். ஏழாம் எண் ஜன்னலை அட்டை வைத்து மறைத்திருக்கிறார்களாம். அம்மா என்றைக்கு வருகிறார் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். திரைக்கு அவசரமில்லை என்றார்.

திரை தையல் மெஷின் மேல் மடித்தபடி இருக்கிறது. அதோடு சேர்க்க அவள் வாங்கிய நீலத் துணி பால்கனிக் கொடியில் காய்ந்துகிடக்கிறது. மூலையில் இரண்டு ஊக்குகள்.