ஒன்பதாவது ஆள்

தொண்ணூறுகளில் யூனிக்ஸ் சர்வர்களுக்குச் சர்வீஸ் பார்க்கும் வேலையில் இருந்தேன். கோவையில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளருக்கு நரைத்த மீசை, ஓயாத முட்டிவலி. ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வேலை செய்யத்தான் அங்கே சாஃப்ட்வேர் லைசென்ஸ்; ஒன்பதாவது ஆளைச் சர்வர் உள்ளே விடாது. அவரையும் சேர்த்து ஆட்கள் ஒன்பது. கூடுதல் லைசென்ஸின் விலையைக் கேட்டதும் முதலாளி கையை விரித்துவிட்டார். அதனால் யாராவது எழுந்து போகும்வரை பொறுப்பாளர்தான் சுவரில் கையூன்றி நிற்பார்.

ஒருநாள் மனசு கேட்காமல், "நான் சர்வர்ல எட்டை ஒன்பதா மாத்தி வச்சிடறேன் சார், யாருக்கும் தெரியாது" என்றேன்.

"வேண்டாமுங்க. எட்டுப் பேருக்குத்தானுங்களே வாங்கியிருக்குது? நான் நின்னுக்கறேனுங்க."

கேட் வரை கூடவே வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று வேறு சொன்னார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. ஏனோ, காந்திபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.