நோட்டில் இல்லாத நோயாளி

நான் எழுதலாமா என்று எனக்கே கூச்சம்தான். பள்ளிக்கூடப் படிப்பையும் நர்ஸ் வேலையையும் தவிர வேறொன்றும் அறியாதவள். இதைக்கூட யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் சொர்க்கம். பழைய டியூட்டர் நோட்ஸ் சொல்லுவார். நாங்கள் எழுதி, மனப்பாடம் செய்து, அப்படியே ஒப்பிப்போம். காய்ச்சல் பார்ப்பதற்கு மட்டும் பதினோரு படிகள். ஒன்றுகூட எனக்குத் தப்பாது.

பிறகு புது டியூட்டர் வந்தார். எங்கள் நோட்டுகளை எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். பேசிப் பழகிச் செய்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் வார்டு. இல்லாவிட்டால் ஜூனியர் பிள்ளைகளோடு மறுபடி முதலிலிருந்து.

எனக்கு நோயாளியாக வாய்த்தவள் கூடப் படித்த இளையரசனேந்தல்காரி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பருத்திக்காட்டு அண்ணாச்சியாகவே கட்டிலில் சாய்ந்துவிட்டாள். நான் தரையைப் பார்த்தபடி தொடங்கினேன்.

"முதலாவதாக, கைகளைக் கழுவ வேண்டும். இரண்டாவதாக, நோயாளியிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக..."

"ஏட்டி, யாருக்குட்டி பாடம் சொல்லுத? பரீட்சை அவருக்கா?" என்றார் டியூட்டர். வகுப்பே சிரித்தது. "இன்னும் ஒரே தடவைதான். இதுலயும் ஒப்பிச்சேன்னா ஜூனியர் பிள்ளைகளோட போய் உக்காந்துக்கோ."

ஒப்பித்துவிடுவேனோ என்று வாயே திறக்காமல் தெர்மாமீட்டரை அவள் நாக்குக்கு அடியில் வைத்தேன். நோட்டில் வரும் நோயாளி அதன்பிறகு அசையமாட்டார். இந்த அண்ணாச்சியோ அதைக் கடைவாய்க்குத் தள்ளினார்.

"என்ன தாயி, மிட்டாயி இனிக்கவே இல்ல?" என்று கடிக்கப் போனார்.

"அண்ணாச்சி! கடிச்சீருன்னா கண்ணாடி ஒடஞ்சு பாதரசம் வயித்துக்குள்ள போயிரும்! நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு பேசாம கெடயும் வே!"

கத்தியது நான்தான். இளையரசனேந்தல்காரி நிஜமாகவே பயந்து வாயை மூடிக்கொண்டாள். டியூட்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"மக்கா, வார்டுல போய் பெரியவங்கள 'வே' போட்டுப் பேசிறாத," என்றார்.

மறுநாள் காலை எனக்கு வார்டில் டூட்டி போட்டார்கள். எட்டுப் பேருக்குக் காய்ச்சல் பார்த்தேன்.