டோர்லா ராவிய துப்பாக்கி

டோர்லா ஹேக்கன்பர்க் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறவள். வயது ஐம்பத்தொன்று. விளக்குக்கு நேராக முட்டையைப் பிடித்தால், ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக மலைமேல் வேட்டை முகாமில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பென்சில்வேனியாவில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கான மான் வேட்டை திறக்கும். புருஷன் லமாரும் கொழுந்தன் க்ளேரும் இன்னும் எட்டுப் பேரும் விடியுமுன் காட்டுக்குள் போய்விடுவார்கள். டோர்லா அடுப்போடு நிற்பாள். போன வருடம் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, ஈரக் கையோடு வந்து கேட்டாள்: “அடுத்த தடவை நானும் வரட்டா?”

முகாமுக்குத் தலைவன் க்ளேர். லமாரைவிட ஆறு வயது இளையவன், சத்தம் பத்து மடங்கு அதிகம்.

“தாராளமா வாங்க மதினி. நம்ம சட்டம் தெரியுமில்ல? சொந்தக் கையால செஞ்சு பூட்டின துப்பாக்கி. அடுத்தவன் கை படக்கூடாது. அம்பது கஜத்துல காகிதத் தட்டு, அடுத்தடுத்து மூணு குண்டு, மூணும் தட்டுல விழணும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயறதுக்குள்ள.”

சிரிப்புக்காகச் சொன்னான். ஆனால் பத்துப் பேர் காதுபடச் சொல்லிவிட்டான். டோர்லாவுக்கு அது போதும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, துப்பாக்கிச் சாமான் விற்கிற மலோன் ரீபரின் நிலவறைக் கடையில் போய் இறங்கினாள். ஒரு மணி நேர வண்டி ஓட்டம். மலோன் அவளைப் பார்த்ததும் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார்.

“இதை எடுத்துக்க தாயி. எல்லாம் பாதிக்கு மேல முடிஞ்சது. நாலு திருகாணி மாட்டினா துப்பாக்கி.”

“நாலு திருகாணி மாட்டவா அண்ணே இவ்வளவு தூரம் வந்தேன்? தனித்தனியா எடுத்துப் போடுங்க.”

அவர் முதலில் துப்பாக்கி உடலுக்கான மேப்பிள் மரக்கட்டைகளைக் காட்டினார். புலிக்கோடு போல வரி ஓடின கட்டை ஒன்றைத் தடவிக் கொடுத்து, அதைவிட அழகு கடையிலேயே இல்லை என்றார். டோர்லா அதைத் தூக்கிக் குண்டு பல்புக்கு நேரே பிடித்தாள். கைப்பிடி வரும் இடத்தில் நகத்தை வைத்தாள்.

“இங்க கீறல் ஓடுது.”

மலோன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்புறம் அந்தக் கட்டையைச் சத்தமில்லாமல் அடுப்பு விறகோடு சாய்த்து வைத்தார். அதற்குமேல் அவள் கேட்டதைத்தான் எடுத்துக் கொடுத்தார். நீளக் குழல் ஒன்று. கைப்பிடியில் நார் நேராக ஓடின, வரி குறைந்த கட்டை ஒன்று.

கல்லை உரசிப் பொறி கிளப்புகிற தீப்பொறி விசை பார்க்கிற நேரம் வந்ததும் மலோன் விளக்கை அணைத்தார். இருட்டில் ஒவ்வொரு விசையாகத் தட்டினார்கள். முதலாவது கொட்டாவி விட்டது. இரண்டாவது நாலு பொறி. மூன்றாவது கம்பி மத்தாப்பு மாதிரி கொட்டியது. டோர்லாவின் மூக்கு நுனி வரை வெளிச்சம்.

“இன்னொரு தடவை தட்டுங்க.”

“விசை நல்ல விசைதான், நம்பு.”

“நம்பாம இல்லண்ணே. பாக்க நல்லாருக்கு.”

ஆறு தடவை தட்ட வைத்தாள். மலோனும் அலுக்காமல் தட்டினார்.

கடைசியில் வேலைக் கருவிகள். இருபது உளியைப் பரப்பி வைத்தார். அவள் ஒல்லி உளி ஒன்றும் வளைந்த மூக்கு உளி ஒன்றும் எடுத்தாள். மூன்று அரம், ஒரு சுரண்டி, கையால் சுற்றுகிற துளைப்பான். “இவ்வளவு போதுமா?” என்றார். “கை ரெண்டுதானே இருக்கு,” என்றாள். வீடு வருகிற வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் அந்த ஒல்லி உளி உருளப் பார்த்தது. அவள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

அன்றிலிருந்து சமையலறை மேசை லமாருக்கு இல்லை. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் குழலைக் கரியாக்க வேண்டும், கட்டையில் பதிக்க வேண்டும், தூக்கிப் பார்க்க வேண்டும், மேடாக இருந்து கரி ஒட்டின இடத்தை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி புகை, மறுபடி பதி. ஒரு சாயங்காலத்துக்கு ஐம்பது தடவை. லமார் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி சாப்பிட்டான்.

“ரொட்டியில கறுப்பா என்ன, மிளகா?”

“கரி. தின்னு, வயித்துக்கு நல்லது.”

டிசம்பர் நடுவில் குழல் கட்டைக்குள் முட்டை கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. விசையும் பொருந்தியது. குழல் முனையில் குறி பார்ப்பதற்கு இருந்த முள் மட்டும் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருந்தது. போகிற வருகிற சட்டைக் கையை எல்லாம் பிடித்து இழுத்தது. டோர்லா அதை அழகாக, தாழ்வாக ராவி மழுக்கிவிட்டாள். லமார் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் இரண்டரை மணிக்கு முகாமில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவள் குழலுக்குள் வெடிமருந்தை அளந்து கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கினாள். விசையோரத்துக் கிண்ணியில் பற்றவைக்கிற மருந்தை இட்டாள். சுட்டாள். புகை விலகியதும் பார்த்தால் தட்டு அப்படியே வெள்ளையாக இருந்தது. குண்டு ஒரு முழம் மேலே மண்மேட்டில் குத்தியிருந்தது.

“மான் மரமேறினா மதினி அடிச்சிருவாங்க,” என்றான் க்ளேர்.

மறுபடி சுட்டாள். அதே இடம். முதல் குழியிலேயே இரண்டாவது குண்டும் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தோல்வி போலவே இல்லை. அவள் செய்த துப்பாக்கி ஒரே சொல்லைத்தான் திரும்பச் சொல்கிறது, சொல் மட்டும்தான் தப்பு. குழல் முனையைப் பார்த்தாள். முள் தாழ்ந்தால் துப்பாக்கி மூக்கைத் தூக்கும். பின்னால் திரும்பினாள்.

“முள்ளை வீட்டுல வச்சு ராவக்கூடாது. இங்க சுட்டுச் சுட்டுத்தான் ராவணும். உங்க எல்லாருக்கும் தெரியும், இல்ல?”

பத்துப் பேரும் மரத்தைப் பார்த்தார்கள். லமார் தொப்பியைக் கழற்றினான். “நானும் முத வருஷம் இப்படித்தான் ராவினேன். க்ளேரும்தான். புதுசா செய்யறவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. அது வழக்கம்.”

“புருஷன்னு ஒருத்தன்,” என்றாள்.

மணி மூன்று. நாலே முக்காலுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலோன் கடை தொலைவு, பண்டிகைக்குப் பூட்டியும் இருக்கும். டோர்லா முகாம் அடுக்களைக்குள் நடந்தாள். அங்கிருந்த அலமாரியின் மூன்றாவது அறையில் வெள்ளிப்பூச்சுக் கரண்டிகள் கிடப்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒன்றை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனாள். மேசையிலிருந்த இரும்பு இடுக்கியில் பிடித்துக் காம்பிலிருந்து ஒரு துண்டை அறுத்தாள். மழுங்கின முள்ளின் நடுவே ரம்பத்தால் வாய் பிளந்து, துண்டை அதில் சொருகி, இரண்டு பக்கமும் சுத்தியால் தட்டி இறுக்கினாள். க்ளேர் வாசலில் நின்றான்.

“ஏன் மதினி, அது எங்க கரண்டி.”

“இத்தனை வருஷம் எதுல சாப்பிடறோம்னு பாத்திருந்தா கேக்கலாம் கொழுந்தனாரே. தள்ளு, வெளிச்சம் மறைக்குது.”

இப்போது முள் குச்சி மாதிரி நின்றது. முதல் குண்டு தட்டுக்கு ஒரு சாண் கீழே. ஐந்து இழுப்பு ராவினாள். அடுத்தது நாலு விரல் கீழே. மூன்று இழுப்பு. அடுத்தது தட்டின் கீழ் விளிம்பை உரசிப் போனது. ஒரே ஒரு இழுப்பு, மூச்சு விடாமல். அரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டாள்.

“இனி எண்ணிக்கோ,” என்றாள்.

முதல் குண்டு தட்டில். இரண்டாவதும் தட்டில். லமார் கையிலிருந்த காப்பி ஆறிக் கிடந்தது. மலைநிழல் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு விசையை இழுத்தாள். கிண்ணியில் புஸ்ஸென்று எரிந்தது, குழல் ஊமையாக நின்றது. டோர்லா அசையவில்லை. குண்டு தாமதித்து வெடிக்கலாம் என்று முனையைத் தட்டை விட்டு நகர்த்தாமல் ஒரு நிமிடம் முழுக்க நின்றாள். பிறகு குழலுக்குள் தீ போகிற துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள், கிண்ணிக்குப் புது மருந்து இட்டாள். துப்பாக்கியை மறுபடி தோளில் வைத்தாள்.

சுட்டாள்.

க்ளேர்தான் நடந்து போனான். போனவன் குனிந்து பார்த்தபடியே நின்றான். கடைசியில் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். இரண்டு ஓட்டை நடுவில். மூன்றாவது மேல் விளிம்பில், பாதி வட்டம்தான் இருந்தது.

“இது உள்ளேயா வெளியேயா?” என்றான் ஒருவன்.

க்ளேர் தட்டைத் திருப்பிப் பார்த்தான். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவுதான். இன்னொரு மூன்று குண்டுக்கு வெளிச்சம் கிடையாது.

“கிழிச்சிருக்கு. கிழிச்சா சேத்தி,” என்றான். “என் குண்டு முத வருஷம் இதைவிடக் கேவலம்.”

இருபத்தாறாம் தேதி காலையில் க்ளேர் வறுத்த பன்றிக்கறியை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது. வழக்கப்படி மானை விரட்டி வருகிற வேலை புது ஆளுக்கு, அதிலும் மோசமான புதர்க்காடு. இடுப்பளவு பனி, முகத்தைக் கிழிக்கிற கிளைகள். ஆண்கள் மேட்டில் சொகுசாக நின்றுகொள்ள, டோர்லா துப்பாக்கி விசையைப் பனி படாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருட்டுப் பிரியாத அந்தப் புதருக்குள் முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தாள். பத்தடி உள்ளே எதுவோ கிளையை முறித்துக்கொண்டு எழுந்து ஓடியது. “வருது, வருது,” என்று மேட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே அவளும் பின்னால் ஓடினாள்.