பெரிய எழுத்து, சின்ன எழுத்து

முதல் நாள் மாலை நான் சின்ன எழுத்தில் அடித்து வைத்த ஆங்கில வரிகள், மறுநாள் காலை கணினியைத் திறந்தால் பெரிய எழுத்தில் நிற்கும். வீரபாண்டியில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் புரோகிராமராகச் சேர்ந்த புதிது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எந்த ஆர்டர், எந்த நாட்டுக்கு என்ற விவரங்களை டேட்டாபேஸிலிருந்து கேட்டு வாங்கும் குவெரிகளை எழுதுவது என் வேலை. தமிழில் எழுத்துக்குப் பெரிசு சின்னது இல்லை. ஆங்கிலத்தில் உண்டு என்றாலும், எப்படி எழுதினாலும் கணினிக்கு ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவர் மெனக்கெட்டு மாற்றவேண்டும்?

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஒருவரைப் பிடிக்கவில்லையென்றால் வாசலில் நின்றே சத்தம் போட்டுவிடுவார்கள். எதிரி யாரென்று தேடவேண்டியதில்லை. இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. அதே கணினியில் வேலை செய்த இன்னொருவர் குழந்தைசாமி. பொங்கலூர்க்காரர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், முன்பு வெளிநாடுகளுக்குச் செய்தி அடித்தனுப்பும் டெலக்ஸ் ஆபரேட்டர். என்னைப் பார்த்தால் சிரிப்பார். என் வேலையைத் தன் வேலையென்று காட்டிக்கொள்ளப் பார்க்கிறார் என்றே முடிவு செய்திருந்தேன்.

ஒருநாள் ரத்தான ஆர்டர் ஒன்றைப் பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி கட்டிவிட்டார்கள். குவெரியில் ரத்தானதை விலக்கும் வரியைக் காணோம். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “யாரும்மா எழுதுனது?”

இதற்குத்தான் காத்திருந்தாரா என்று குழந்தைசாமியைப் பார்த்தேன். நான் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்: “புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க திருப்பி அடிச்சேன். ஒரு வரி உட்டுப்போச்சுங்க.”

இன்னொரு முறை இப்படி நடந்தால் அவர் குடோன் வேலைக்குப் போகவேண்டியதுதான் என்றார் முதலாளி. வெளியே வந்ததும் கேட்டேன்: “எதுக்கு அண்ணாச்சி என் வேலையத் தொட்டீய?”

“டெலக்ஸ்ல எல்லாம் பெரிய எழுத்துத்தானுங்க. சின்ன எழுத்துல எது கட்டளை, எது நாம வெச்ச பேருன்னே பிரியறதில்லை. மாத்தி அடிச்சாப் படிச்சுக் கத்துக்கலாமுன்னு பார்த்தனுங்க.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா, இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிராதுங்களா?”

பாதிதான் நம்பினேன். ஆனாலும் உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். செலக்ட், ஃப்ரம், வேர் போன்ற கட்டளைச் சொற்கள் பெரிய எழுத்தில். நாங்கள் வைத்த பெயர்கள் சின்ன எழுத்தில். ஒவ்வொரு நிபந்தனையும் தனி வரியில். பார்த்த மாத்திரத்தில் படிக்க முடிந்தது, எனக்கும்கூட. அப்புறமும் பல வாரங்கள், காலையில் வந்ததும் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பிறகே டீ குடிக்கப் போவேன். எதுவும் மாறியிருக்கவில்லை. அவர் குடோனுக்கும் போகவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா வந்ததும், “இந்த வாட்டி வர முடியாதுங்க. வேலை நெறைய இருக்குதுங்க” என்றேன். எப்படிப் பேசினேன் என்பது என் காதிலேயே விழவில்லை. மறுமுனையில் அம்மா, முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற குரலில் கேட்டாள்:

“யாரு பேசுதது?”