கோயில் வளைவில் சீலனின் கால்

ஞானசீலன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் கனகத்தின் வாயால். மலைமேல் இருக்கும் ரிங்லட்டிலிருந்து போன் போட்டிருந்தாள். மகள் தேவகிக்கு வரன் வந்திருந்தது.

"பையனுக்குக் கீழ அடிவாரத்துல தாப்பாவுல தண்ணி இலாகாவுல வேலை, அண்ணி. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனா உக்காந்திருந்த நேரம் பூரா வலது கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. மேசையில வச்ச தேத்தண்ணி தளும்பி தட்டுல ஊத்திருச்சு. நம்ம சடையப்ப மாமா மாதிரி ஆயிருமோ?"

சடையப்பன் என் மாமியாரின் கடைசித் தம்பி. அவரும் கால் ஆட்டுகிறவர். ஈப்போவில் மூன்று கடை மாறி, ஈயச் சுரங்கத்தில் ஒரு மழைக்காலம் நின்று, பிறகு எங்கே போனார் என்றே தெரியாமல் போனவர்.

"கால்தானே ஆடுது, ஓடலையே? பொண்ணைக் குடு" என்றேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தானே காடி ஓட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் நிறச் சத்ரியா, சின்னக் கார். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். காடி சின்னதென்றாலும் சத்தம் பலகை லோரிக்குச் சமம். அந்தக் காடியை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளையை யாராவது வாரத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்ப்பார்களா?

அவர்களுக்கு மகள் பிறந்து, அது நடக்க ஆரம்பித்த சமயம், காடியின் முன்சக்கர பிரேக் டிஸ்க் தேய்ந்து விளிம்பு கட்டிவிட்டது. ஞாயிறு தவறாமல் கனகத்தைப் பார்க்க ரிங்லட்டுக்கு ஏறி இறங்குகிறவர்கள். அந்த மலைப்பாதையில் நேராக ஓடுகிற இடமே கிடையாது. சீலன் தாப்பாவில் ஆ கியோங் பட்டறைக்குப் போனார். பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஆ கியோங் சீனர்தான், தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் நம்மைவிட வேகமாக வரும்.

"ஓட்டை போட்ட டிஸ்க் வேணும் தவுக்கே. பிரேக் பேடும் ரேஸ் ஓட்டுறவன் போடுறது."

"ஓட்டை எதுக்கு லா?"

"பாக்க அழகா இருக்கும்ல."

"சக்கரத்துக்கு உள்ள கிடக்கிற சாமான். உன் பொண்டாட்டி குனிஞ்சா பாக்கப்போறா? கேளு சீலா. அந்தப் பேடு சூடு ஏறினாத்தான் கடிக்கும். ரிங்லட் பனியில காலைல மிதிச்சா, யாரோ எவரோன்னு போயிக்கிட்டே இருக்கும்."

கேட்டாரா? அடுத்த ஞாயிறு காலை, ரிங்லட் சந்தை முன்னால், காடி மிதிக்க மிதிக்க நகர்ந்துபோய் முட்டைக்கோஸ் கூடை அடுக்கில் முட்டியது. காய்கள் ரோட்டில் உருண்டன. நசுங்கியதை எல்லாம் கனகம் விலை கொடுத்து வாங்கி, வாரம் முழுக்கக் கூட்டும் பொரியலுமாக வைத்தாள்.

"மாப்ள பிரேக் நல்லாத்தான் இருக்கு, கோஸ் தொட்டவுடனே நின்னுருச்சே" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

அந்தப் பேட் போனது. ஆனால் வேறு ஒன்று வந்தது. மலை இறங்கும்போது பிரேக்கைத் தொட்டால் ஸ்டேரிங் நடுங்கியது. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. ஓட்டை டிஸ்க்தான் காரணம் என்று அதைக் கழற்றி, கோடு கிழித்த டிஸ்க் போட்டார். பேட் ரேஸுக்கானது இல்லை, ரோட்டில் ஓடுகிற காடிக்குப் போடுவதுதான், கொஞ்சம் கடினமான வகை. சில வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே நடுக்கம்.

ஒரு ஞாயிறு தேவகி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முன்னால் மூங்கில் ஏற்றிய லோரி திடீரென நின்றது. சீலன் மிதித்தார். காடி நின்றதென்னவோ நின்றது, ஆனால் டேஷ்போர்டு முதல் பல் வரை எல்லாம் கடகடவென்று ஆடி, பிள்ளை வீறிட்டு அழுதது. வீட்டு வாசலில் இறங்கியதும் தேவகி சொன்னாள்:

"இனிமே நானும் புள்ளையும் பஸ்ல போயிக்கிறோம். ஆடாத காடியிலதான் ஏறுவேன். தீபாவளிக்குள்ள ஆட்டம் நிக்கல, காடியை வித்துருங்க."

"வித்துட்டு?"

"வித்துட்டு நீங்களும் பஸ்ல வாங்க. கால் ஆட்டுறதுக்கு நிறைய இடம் இருக்கு."

அதிலிருந்து ஞாயிறுகள் ஒரு கூத்தாகிவிட்டன. தேவகியும் பிள்ளையும் பஸ்ஸில். பின்னாலேயே மஞ்சள் காடி, பக்கத்து சீட் காலி. பஸ் முக்கி முனகி ஏறும்போது சீலனால் பொறுக்க முடியாது. முந்திப் போவார், ஏதாவது வளைவில் நின்று காத்திருப்பார், பஸ் வந்ததும் கையாட்டுவார். மறுபடி முந்துவார். பஸ் டிரைவர் ஜைனல், "உங்க வீட்டுக்காரரு எனக்குப் பைலட்டா?" என்று தேவகியைக் கிண்டலடிப்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சாயந்திரங்களில் சீலன் வீட்டில் தங்குவதே இல்லை. ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் வந்த பழைய காடிகளின் சாமான்களை விற்கிற கடைகளுக்கு ஈப்போ வரை போவார். டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பார்ப்பார், நகத்தால் தட்டிக் கேட்பார், கீழே வைப்பார், மறுபடி எடுப்பார். சோறு ஆறிக் கிடக்கும். தீபாவளி நெருங்க நெருங்க, தூக்கத்திலும் வலது கால் எதையோ மிதிப்பதாகத் தேவகி என்னிடம் சொன்னாள். "பாவமா இருக்கு அத்தை. ஆனா ஏற பயமா இருக்கே" என்றாள்.

மூன்றாவதாக, ஆ கியோங் சொன்னபடியே ஓட்டையும் இல்லாமல் கோடும் இல்லாமல் வழவழவென்ற டிஸ்க்கும், சாதாரண நல்ல பேட்டும் போட்டார். கொஞ்ச நாளில் அதுவும் நடுங்க ஆரம்பித்தது. ஆ கியோங் தலையைச் சொறிந்தார்.

"டிஸ்க் கோணலே இல்ல சீலா. அளவு வச்சுப் பாத்துட்டேன், தட்டு மாதிரி நேரா இருக்கு. நீ ரோட்டுல என்னதான் பண்ற?"

"எல்லாரும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டுறேன்."

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நானும் கனகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். இறங்கும்போது தேவகியோடு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. பனி இறங்கியிருந்தது. அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எட்டாங்கட்டை வளைவில், எட்டாவது மைல்கல் பக்கத்தில், முனியாண்டி கோயில் இருக்கிறது. மலை இறங்குகிற எவரும் அங்கே நிறுத்தாமல் போவதில்லை. பத்திரமாக இறக்கிவிட்டதற்கு ஒரு கும்பிடு, உண்டியலில் ஒரு காசு.

சீலன் எங்களை முந்திப் போய் அங்கே நின்றிருந்தார். பனிக்குள் காடியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. பஸ் நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு அணையவே இல்லை. காடிக்குள் சீலன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டபடி இருந்தார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

தேவகி என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, கை மேல இருக்கு. அப்ப அந்த சிவப்பு லைட்டு ஏன் எரியுது?"

"கால் கீழதானே இருக்கும்" என்றேன்.

"சரிவுல நிக்குது. இறங்கிக் கும்பிட பொறுமை இல்லாம பிரேக்கை அமுக்கிக்கிட்டே கும்பிடுறாரு. எப்பவும் இப்படித்தான். நானும் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன், சாமியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அன்றைக்கே தாப்பாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், சீலனையும் வரச் சொல்லி ஆ கியோங் வீட்டு வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். கேட்டு முடித்ததும் கிண்ணத்தைச் சுவரில் வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மலை பூரா மிதிச்சு மிதிச்சு டிஸ்க் தீயா இருக்கும். அதை அப்படியே அமுக்கிப் பிடிச்சா, பேடு ஒரே இடத்துல ஒட்டிக்கும் லா! அந்தத் திட்டுதான் ஆடுது. நான் சாமானைக் கேட்டேன், ரோட்டைக் கேட்டேன், சாமியைக் கேக்கலையே!"

"கல்லு காய்ஞ்சு கிடக்கிறப்போ தோசையைப் போட்டு அமுக்கினா?" என்றாள் தேவகி, சீலனைப் பார்த்து.

சீலனின் வலது கால் ஆடியது.

புது டிஸ்க் வாங்க விடவில்லை ஆ கியோங். இருந்த டிஸ்க்கையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஆள் இல்லாத ரோட்டில் வேகம் பிடித்து, பேட் சமமாகப் படிவதற்காக முழுசாக நிற்காமல் பல தடவை அழுத்தி விட்டு, பிறகு பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் தேவகி பிள்ளையோடு ரிங்லட்டில் காடியில் ஏறினாள். ஏறும்போதே ஒரு கட்டளை: "கோயில்ல இறங்கித்தான் கும்பிடணும்." நானும் பின்சீட்டில் மடங்கிக் கிடந்தேன். எட்டாங்கட்டைக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து ஆறவிட்டு, எஞ்சினை நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சீலன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். சாமி முன்னால் நின்றார். ஒரு காலை மாற்றினார், இன்னொரு காலை மாற்றினார், திரும்பிக் காடியைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் சூடமே ஏத்தல. நில்லுங்க" என்றாள் தேவகி.

அங்கிருந்து தாப்பா வரை இருந்த வளைவுகளில் ஸ்டேரிங் ஆடவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தே வந்த தேவகி, ஊருக்குள் நுழைந்த பிறகுதான் கையை எடுத்தாள். பஸ் நிலையத்தில் ஜைனல் எங்களைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தார்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. கனகம் காலமாகிவிட்டாள். சீலன் வேலை முடிந்து ஓய்வு வாங்கி, இப்போது ரிங்லட்டில் அவள் இருந்த வீட்டில்தான் தேவகியோடு இருக்கிறார். மஞ்சள் காடியும் அங்கேதான் நிற்கிறது.