அக்கா தொடாமல் விட்ட நாலு வரி

பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகை யாருக்கும் ஞாபகமில்லை. போனில் போன பத்திரிகையைத்தான் இன்னும் ஒருவரும் மறக்கவில்லை. அதைச் செய்தவள் என் அக்கா.

அப்போது அவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தஞ்சாவூர் போய் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. அப்பாவோ எதற்கும் பெரியப்பா முகத்தைப் பார்க்கிறவர். கல்யாணத்துக்கு ஒரு வெப் பக்கம் செய்து காட்டு, உன் அப்பனிடம் நானே பேசுகிறேன் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அறுப்பு முடிந்து தெருவெல்லாம் வைக்கோல் வாசம் அடித்த தை மாதம். அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை.

அம்மாவைப் பெற்ற தாத்தாவின் காரியத்தின்போது, சிங்கப்பூர் சொந்தங்களுக்காக அவள் ஒரு பக்கம் செய்திருந்தாள். அவசரத்துக்கு அதையே எடுத்து மாற்றினாள். தாத்தா படம் போய் மணமக்கள் வந்தார்கள். கருப்புப் பட்டை மஞ்சளானது. பக்கத்துக்காக எழுதியிருந்த கோடில் மேலே இருக்கிற நாலு வரியை ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

"அது ஹெட்டுடி. கம்ப்யூட்டர் படிச்சுக்கிறதுக்கு. பாக்குறவங்க கண்ணுல படாது. நமக்குத் தெரியிறதெல்லாம் கீழ, பாடில."

போனில் திறந்து திறந்து பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. பெரியப்பா கண்ணாடியைக்கூடத் தேடாமல், பெருமையாகச் சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்கை அனுப்பினார்.

பக்கத்தை யாரும் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஹெட்டில் கிடந்த பழைய தலைப்பை எடுத்து, லிங்குக்கு மேலேயே கொட்டை எழுத்தில் காட்டிவிட்டது போன்: கண்ணீர் அஞ்சலி.

பெரியப்பா சத்தம் போடவில்லை. அப்பாவிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "மாப்ள வீட்ல கேக்குறாங்கப்பா, உங்க வீட்ல நடக்கப்போறது கல்யாணமா கருமாதியான்னு."

அன்று சாயங்காலமே அக்கா தலைப்பை மாற்றிவிட்டாள். ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த செய்திகளில் பழையதே நின்றது. கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. அவள் படிப்பைப் பற்றித்தான் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த அறுப்புக்குள் மன்னார்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் படித்தது நான்தான். எந்தப் பக்கம் செய்தாலும் ஹெட்டைத்தான் முதலில் எழுதுகிறேன்.

தலைப்பை மாற்றிய அன்று அக்கா என்னைக் கூப்பிட்டு, அம்மா போனுக்கு லிங்கை அனுப்பிக் காட்டினாள். திருமண அழைப்பு என்று அழகாக வந்தது.

"இப்ப சரியா இருக்குல்ல?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினேன். அந்த வீட்டில் அதைக் காட்ட என்னை விட்டால் அவளுக்கு வேறு ஆளில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.