மருமகனின் கார் போட்ட சத்தம்

இப்படி நடக்கும் என்று நான் ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னேன்.

மன்னார் தீவில் எந்தக் கார் கத்தினாலும், எந்தச் சில்லில் பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் நான். மருமகன் அன்ரனின் கார் பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிட்டது.

"தம்பி, பிரேக் பேட் தேஞ்சு போச்சு, உடனே மாத்துங்கோ" என்றேன். கேட்கவில்லை.

இன்று காலை உப்புக்குளம் ரோட்டில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. அன்ரன் பிரேக்கை மிதித்தும் கார் நேரத்துக்கு நிற்கவில்லை. சைக்கிளில் வந்த மரியான் அண்ணருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்.

"இனி நான் எப்பிடித் தம்பி சைக்கிள் உழக்கிறது?"

பிறகு கராஜில் சில்லைக் கழற்றினார்கள். பேட் முழுதாகத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க், உழுது போட்ட கட்டுக்கரை வயல்போல வரிவரியாகக் கிடந்தது.

"எவ்வளவு நாளாச் சத்தம்?" என்று மெக்கானிக் அன்ரனிடம் கேட்டார்.

"ஒரு மாசம். உப்புக் காத்துக்கு டிஸ்க்கில துரு பிடிச்சிருக்கு, நாலுதரம் பிரேக் அடிச்சாப் போயிடும் எண்டு சொன்னவை."

"ஆர் சொன்னது?"

அன்ரன் குனிந்து டிஸ்க்கைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

இப்படி நடக்கும் என்று முன்பே சொன்னேன், பேட் மாற்றச் சொன்னேன் என்று மேலே எழுதியது பொய். உப்புத் துரு என்று சொன்னவன் நான்தான். மற்றதெல்லாம் உண்மை.

உங்கள் கார் கிறீச்சிட்டால் கராஜுக்குக் கொண்டு போங்கோ. என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் கீழே கொமென்டில் திட்டலாம். அன்ரன் இன்னும் திட்டவில்லை.